அந்த ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள்

பிள்ளைகள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்வதால் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துத் தோட்ட வீடுகளில் இப்போது எல்லாமே வாட்ஸ்அப்தான். திருடர்களும் அங்கேதான் வருகிறார்கள். தெரிந்தவரின் இலக்கத்திலிருந்தே, “ஓர் ஆறு இலக்கக் குறியீடு தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்” என்று செய்தி வரும். அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் குறியீடு. அனுப்பினால் கணக்கு அவர்கள் கையில்; அடுத்து உங்கள் பெயரிலேயே உறவினர்களிடம் பணம் கேட்பார்கள். கேட்பவர் சொந்த மாமாவாகவே இருக்கட்டும், முதலில் தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேளுங்கள்.

இன்றே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய், குறியீட்டோடு இரகசிய எண்ணையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை (Two-step verification) இயக்கி, இரகசிய எண் ஒன்றை வையுங்கள். பிறந்த திகதி வேண்டாம், அது ஊருக்கே தெரியும். கணக்கு பறிபோய்விட்டால் உடனே அதே இலக்கத்தில் மீண்டும் பதிவு செய்யுங்கள்; உள்ளே இருப்பவர் தானாகவே வெளியேற்றப்படுவார்.