கியர்பாக்ஸை இறக்கும் முன் ஆயிலைப் பாருங்கள்

பெங்களூரில் பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறீர்களா? சில்க் போர்டு நெரிசலில் நின்று நின்று போனால் கியர்பாக்ஸ் ஆயில் சூடேறிச் சீக்கிரம் கெடும். கியர் லீவரை 'டி'யில் (டிரைவ்) போட்டும் வண்டி தயங்கி நகர்ந்தாலோ, ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டாலோ, மெக்கானிக் உடனே கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் கியர்பாக்ஸ் ஆயில் டிப்ஸ்டிக்கை (அளவு பார்க்கும் குச்சி) உருவி, வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு வையுங்கள். (எஞ்சின் ஓடும்போதா, நிறுத்தியா என்பது மாடலுக்கு மாடல் மாறும்; மேனுவலைப் பாருங்கள்.) தெளிந்த சிவப்பாக இருந்து அளவு மட்டும் குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கலாம். பால் கலந்த ரோஸ் நிறமா? பெரும்பாலும் ரேடியேட்டர் கூலன்ட் உள்ளே கலந்திருக்கும். வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள், டோ செய்யுங்கள். அப்புறம், மெக்கானிக்கின் ஸ்கேனரில் பி0700 என்ற பிழை எண் வந்தால், அது கியர்பாக்ஸில் ஏதோ கோளாறு என்னும் பொதுவான எச்சரிக்கைதான். கூடவே பதிவான மற்ற எண்களையும் கேட்டு வாங்குங்கள்.