குளிர்நீர்த் தொட்டியில் கற்ற மூச்சு

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு அருகே பலசரக்கு மொத்த வியாபாரம் நடத்தும் எனக்கு, யாராவது கோபப்பட்டால் அதே வேகத்தில் பதிலளித்துவிடும் பழக்கம் இருந்தது. சென்ற ஆண்டு, தாமதமாக வந்த பருப்புச் சரக்கைப் பற்றி ஓர் உணவகத்தார் வாட்ஸ்அப்பில் கடிந்துகொண்டபோது நான் அனுப்பிய மறுமொழியால், ஒன்பது ஆண்டு உறவு ஒரே மாலையில் முறிந்தது.

அந்த வாரம் நண்பர் ஒருவர் என்னைச் சவுனா எனப்படும் வெப்ப அறைக் குளியலுக்கு அழைத்துச் சென்றார். ஆண்டு முழுவதும் வெப்பமான நம் ஊரில் இது எதற்கு என்று தயங்கினேன். ஆனால் 80 டிகிரி அறையின் வறண்ட சூடு, நம் புழுக்கத்திலிருந்து முற்றிலும் வேறானது. பிறகு 12 டிகிரி நீரில் கழுத்துவரை இறங்கியதும் மூச்சு திணறி வேகமெடுத்தது. தோல் திடீரெனக் குளிரும்போது எழும் இந்த அதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சமடைந்து, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும் என்றும், அதுவரை மூச்சை மெதுவாக வெளியே விடுவது ஒன்றே வேலை என்றும் நண்பர் சொன்னார். (அந்த நேரத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுவதால், இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.)

இப்போது புகார் வந்தால், கைப்பேசியைக் கல்லாமேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பத்து முறை நீளமாக மூச்சுவிட்டு, விநியோகச் சீட்டைச் சரிபார்த்த பின்னரே, எழுதாமல் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறேன். அந்த உணவகத்தாரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். இப்போதைக்கு அரிசி மட்டும் வாங்குகிறார்.