சொந்த நகரத்தில் இசை, நாடகம், நகைச்சுவை: நேரில் சென்று ரசிக்க ஒரு வழிகாட்டி

ஒரு நகரத்திற்குச் சுற்றுலா வருபவர் அங்குள்ள பெயர்பெற்ற அரங்கில் ஒரு மாலையேனும் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அதே ஊரில் பல ஆண்டுகளாக வாழ்பவரோ அந்த அரங்கின் வாசலைக் கடந்து வேலைக்குப் போய்வருவதோடு சரி. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற எண்ணமே அவரைப் போகவிடாமல் செய்கிறது. உண்மையில், நேரடி நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை உள்ளூரில் வாழ்பவருக்கு இருக்கும் வாய்ப்பு வேறு யாருக்கும் இல்லை. ஒரே அரங்கிற்கு அவர் மீண்டும் மீண்டும் போகலாம். இன்று இருபது பேர் முன்னால் பாடும் ஓர் இளைஞர் சில ஆண்டுகளில் பெரிய மேடைக்கு வளர்வதைக் கூடவே இருந்து கேட்கலாம். அந்த வாய்ப்பை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் முதல் ஆலோசனை இதுதான்: கலைஞர்களின் பெயர்களைப் பின்தொடர்வதற்கு முன், உங்கள் நகரத்தின் அரங்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புகழ்பெற்றவர் வருகிறார் என்றால் அந்தச் செய்தி எப்படியும் நம் காதுக்கு எட்டிவிடும். எட்டாமல் போவது மற்றவையெல்லாம். ஆனால் சிறிய அரங்கு ஒவ்வொன்றிலும் யாரை மேடையேற்றுவது என்று முடிவுசெய்யும் ஒருவர் இருக்கிறார்; அவருடைய ரசனை உங்களுக்கு ஒத்துவரும் என்று இரண்டொரு நிகழ்ச்சிகளில் தெரிந்துவிட்டால், அதன்பின் நீங்கள் கேள்விப்படாத பெயர்களையும் அந்த அரங்கை நம்பியே பார்க்கப் போகலாம். ஆகவே முதலில் ஒரு பட்டியல் தயாரியுங்கள். பெரிய அரங்குகளோடு நிறுத்திவிடாமல் இசைக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள், வழிபாட்டிடங்கள், உங்கள் ஊரில் இருந்தால் கோத்தே நிறுவனம், அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற பண்பாட்டு மையங்கள் ஆகியவற்றையும் அதில் சேருங்கள். இசைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம்; ஆண்டுக்கணக்கில் பயின்றதையெல்லாம் ஒரே மாலையில் கொட்டிவிட வேண்டும் என்ற முனைப்போடு அவர்கள் மேடையேறுவதால், அவற்றில் கிடைக்கும் தீவிரத்தைக் கட்டணம் வாங்கும் பல நிகழ்ச்சிகளில் காண முடியாது. பட்டியலில் உள்ள இடங்களின் அறிவிப்புகளை மின்னஞ்சலில் பெற்று, மாதத்தின் தொடக்கத்தில் ஒரு முறை அமர்ந்து, நாட்காட்டியில் தேதிகளைக் குறித்துவிடுங்கள். குறிக்கப்படாத நிகழ்ச்சிக்கு யாரும் போவதில்லை.

நுழைவுச்சீட்டை அரங்கின் சொந்த விற்பனையிடத்திலோ, அரங்கே தன் அறிவிப்பில் குறிப்பிடும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் முகவரி பல வேளைகளில் மறுவிற்பனையாளருடையது. அங்கே விலை பல மடங்காக இருக்கலாம், சீட்டே போலியாகவும் இருக்கலாம். அனைத்தும் விற்றுத் தீர்ந்துவிட்டன என்று அறிவித்த பிறகும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. கலைஞர்களுக்கும் விருந்தினர்களுக்கும் ஒதுக்கிவைத்த இருக்கைகளில் பயன்படாதவை நிகழ்ச்சி நாளன்று விற்பனைக்குத் திரும்புவது பல இடங்களில் உள்ள வழக்கம். தனியாகப் போகிறவருக்கு அப்போது இடம் கிடைப்பது எளிது. சேர்ந்தாற்போல நான்கு இருக்கைகள் கிடைப்பது அரிது. துணை கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள். விளக்கு அணைந்தபின் அரங்கில் இருக்கும் எல்லோரும் தனியாகத்தான் கேட்கிறார்கள்.

இருக்கையைத் தேர்வதில் எடுத்துக்கொள்ளும் அக்கறை வேறெதையும் விட அதிகப் பலன் தரும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு அரங்கமே ஒரு வாத்தியம். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்குவதற்கு எத்தனை நொடி ஆகிறது என்று அவர் அளந்தார். அறையின் கன அளவும் அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் திறனும்தான் அந்த எதிர்முழக்க நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் கண்டது. அந்த அறிவைக் கொண்டு வடிவமைக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி அரங்கு 1900இல் திறக்கப்பட்டு, இன்றளவும் உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. பெரிய வாத்தியக் குழுவின் இசைக்கு ஏறத்தாழ 2 நொடி எதிர்முழக்கம் செழுமை தரும்; பேச்சு தெளிவாகக் கேட்க அதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். இசைக்காகக் கட்டப்பட்ட கூடத்தில் நாடக வசனம் குழம்புவதும், நாடக அரங்கில் வயலின் வறண்டு ஒலிப்பதும் இதனால்தான். உங்கள் நகரத்தின் அரங்கு எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்திருந்தால், எந்த நிகழ்ச்சியை எங்கே பார்ப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒலிபெருக்கி இல்லாத இசைக்குப் போகும்போது, மாடி இருக்கைகளின் அடியில் ஆழமாகச் செல்லும் பின்வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். மேற்கூரையிலிருந்து திரும்பிவரும் ஒலி அங்கே வந்துசேராது. அதே மாடியின் முன்வரிசை நடுவிடம் பெரும்பாலான அரங்குகளில் அருமையாக இருக்கும், விலையும் பல நேரங்களில் குறைவு. பெரிய குழு வாசிக்கும்போது மேடைக்கு மிக அருகில் அமர்ந்தால், முன்னால் இருக்கும் வயலின்கள் காதை நிறைத்துவிட, பின்னால் இருக்கும் காற்று வாத்தியங்கள் மங்கிப்போகும். தனி வாத்தியமோ நால்வர் குழுவோ என்றால் நிலைமை தலைகீழ்: விரல் அசைவும் மூச்சும் தெரியும் தொலைவில் அமர்வதே இன்பம்.

ஒலிபெருக்கி உள்ள நிகழ்ச்சிக்கு விதி வேறு. ஒலிப்பொறியாளர் எங்கே தன் கருவிகளோடு அமர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதை வைத்தே ஒலியைச் சீராக்குவதால், அவருக்கு அருகிலோ சற்று முன்னாலோ இருக்கும் இடம் ஏமாற்றாது. சுவரோரங்களிலும் மூலைகளிலும் தாழ்ந்த சுரங்கள் தேங்கி முரசொலி மட்டும் அதிரும். திறந்தவெளியில் வெகுதொலைவில் நிற்பவர், கை தட்டுவது கண்ணுக்குத் தெரிந்தபின் ஒலி வருவதைக் கவனித்திருப்பார். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 34 மீட்டர் தள்ளி நின்றாலே பத்தில் ஒரு நொடி பிந்திவிடும்.

நாடகத்திற்கு முகம் தெரிய வேண்டும். ஏறத்தாழ 20 மீட்டருக்கு அப்பால் நடிகரின் முகபாவம் மங்கத் தொடங்குகிறது என்பதால், வசன நாடகத்திற்கான அரங்குகளை வடிவமைப்பவர்கள் அந்தத் தொலைவை ஒரு வரம்பாகக் கொள்வதுண்டு. அதற்குள் உள்ள பக்கவாட்டு இருக்கை, அதற்கு வெளியே உள்ள நடு இருக்கையை விட எனக்கு மேலானது. சட்டகம் போன்ற முகப்பு கொண்ட மேடையில் மிக ஓரமாக அமர்ந்தால் ஒரு பக்கக் காட்சி மறைந்துவிடும். மூன்று புறமும் பார்வையாளர் சூழும் மேடையில் அந்தக் குறை இல்லை, ஆனால் நடிகரின் முதுகையும் சிறிது நேரம் பார்க்க வேண்டியிருக்கும். தூண் மறைக்கும் இருக்கை என்று சீட்டில் எழுதியிருந்தால் அதை அப்படியே நம்புங்கள். மேடையின் நீள அகலங்களைக் கோல் கணக்கில் சொல்லும் சிலப்பதிகாரம், தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்கிறது. தூணோடு மல்லுக்கட்டுவது அவ்வளவு பழைய பிரச்சினை. தெரியாத மொழியில் ஓப்பரா பார்க்கப் போகிறவர்கள், 1983இல் டொரான்டோவில் கனடிய ஓப்பரா நிறுவனம் அறிமுகப்படுத்திய, மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பைக் காட்டும் வரிகள் இன்று பரவலாகிவிட்டதை நினைவில் கொண்டு, முதல் சில வரிசைகளைத் தவிர்க்கலாம். கழுத்தை நிமிர்த்தியே பார்ப்பதில் பாதி நாடகம் போய்விடும்.

நகைச்சுவைக்குச் சிறிய அறை, தாழ்ந்த கூரை, நெருக்கமான இருக்கைகள், இருண்ட பார்வையாளர் பகுதி ஆகியவை வேண்டும். மனிதர்கள் தனிமையில் இருப்பதை விடப் பிறரோடு இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன் பதிவு செய்திருக்கிறார். சிரிப்பு பக்கத்தில் இருப்பவரிடமிருந்து தொற்றுவது; பாதி காலியான பெரிய கூடத்தில் நல்ல நகைச்சுவையும் துவண்டுவிடும். இடம் ஒதுக்கப்படாத அறையில் பின்னால் சிதறி உட்காராமல் முன்னால் நெருங்கி உட்காருவது மேடையில் இருப்பவருக்கு நீங்கள் செய்யும் பேருதவி. முதல் வரிசையில் அமர்ந்தால் அவர் உங்களிடம் பேசக்கூடும். அதற்கு உண்மையான, சுருக்கமான பதில் போதும், வேடிக்கையாகப் பதில் சொல்ல முயல வேண்டாம். விருப்பமில்லாதவர் மூன்றாம் வரிசைக்குப் போய்விடலாம். யார் வேண்டுமானாலும் மேடையேறும் இரவுகளுக்கும், புதிய துணுக்குகளைச் சோதித்துப் பார்க்கும் நிகழ்ச்சிகளுக்கும் அவசியம் போங்கள். ஒரே துணுக்கு சில மாதங்களில் சொல் சொல்லாகச் செதுக்கப்பட்டு முழுமையடைவதைக் காண்பது உள்ளூரில் வாழ்பவருக்கு மட்டுமே கிடைக்கும் பேறு.

காதுகளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இதில் எந்தச் சமரசமும் கூடாது, ஏனெனில் உட்செவியில் அழிந்த நுண்மயிர்ச் செல்கள் மனிதர்களுக்குத் திரும்ப வளர்வதில்லை. பணியிடங்களுக்காக அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது, அதாவது 100 டெசிபலுக்கு 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை நிகழ்ச்சி அரங்குகளின் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. மூன்று மணி நேர ராக் நிகழ்ச்சிக்கு அந்த அளவே அதிகம். பஞ்சுபோன்ற சாதாரணக் காதடைப்பான்கள் உயர்ந்த சுரங்களை அதிகமாக மழுக்கிவிடும் என்பதால், எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான அடைப்பான்களை வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள். குழந்தைகளுக்குக் காதை முழுவதும் மூடும் கவசமே ஏற்றது. நிகழ்ச்சி முடிந்தபின் காதில் ரீங்காரம் கேட்டால், அன்றைய ஒலி உங்கள் காதுக்கு மிகையாக இருந்தது என்று பொருள்.

முன்தயாரிப்பு கலைக்குக் கலை மாறுபடும். நீண்ட இசைப்படைப்பை முன்னதாக ஒரு முறை கேட்டுவிட்டுப் போனால் நேரில் கேட்கும்போது அதன் கட்டமைப்பு புலப்படும். நாடகத்திற்குக் கதைச்சுருக்கம் வேண்டியதில்லை. நகைச்சுவைக்கு எதுவுமே வேண்டாம். நகைச்சுவையாளருடைய காணொலித் துணுக்குகளை முந்தைய நாள் பார்த்துவிட்டுப் போனால் சிரிப்பில் பாதியை வீட்டிலேயே செலவழித்துவிடுவீர்கள்.

கதவு மூடுவதற்கு 20 நிமிடம் முன்னதாக அரங்கில் இருங்கள். தாமதமாக வருபவரைப் பல அரங்குகள் இடைவேளை வரை உள்ளே விடுவதில்லை, அது நியாயமும்கூட. கைபேசியை அமைதி நிலையில் வைப்பது போதாது, அணைத்துவிட வேண்டும். இருட்டில் ஒரு சிறு திரையின் வெளிச்சம் பின்வரிசைகள் முழுவதையும் மேடையிலிருந்து பிரித்துவிடுகிறது. பதிவு செய்வது நகைச்சுவையாளருக்கு மிகப் பெரிய இழப்பு, இன்னும் முழுமையடையாத அவருடைய உழைப்பு வெளியே போய்விடுகிறது. இருமல் வந்தால் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினால் ஒலி வெகுவாக அடங்கும். எப்போது கைதட்டுவது என்ற குழப்பம் இருந்தால், மேற்கத்திய செவ்வியல் இசையில் வாத்தியக் குழுவின் நடத்துநர் கையைத் தாழ்த்தித் திரும்பும் வரை காத்திருங்கள். ஜாஸ் என்றால் ஒவ்வொரு தனி வாசிப்புக்கும் பின் தயங்காமல் தட்டலாம். நகைச்சுவை மேடையை நோக்கி நடுவில் குரல் கொடுப்பது நிகழ்ச்சிக்கு உயிரூட்டும் என்று சிலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அப்படி இல்லை, நகைச்சுவை சரியான கணத்தில் சொல்வதில்தான் வாழ்கிறது, ஒரு குறுக்கீடு அடுத்த மூன்று நிமிடத்தைக் குலைத்துவிடும்.

காது கேளாமை, சக்கர நாற்காலி, கண்கூசும் வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க இயலாமை போன்ற தேவைகள் உள்ளவர்கள் சீட்டு வாங்கும் முன்பே அரங்கிற்குத் தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. செவித்துணைக் கருவியோடு நேரடியாக இணையும் தூண்டல் வளையம், எழுத்து வரிகளோடு நடக்கும் காட்சிகள், விளக்கும் ஒலியும் மென்மையாக்கப்பட்டு எழுந்து நடமாட அனுமதிக்கும் காட்சிகள் எனப் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. விளம்பரத்தில் அவை கண்ணில் படாமல் போகலாம்.

வீடு திரும்பியதும் ஒரு குறிப்பேட்டில் அரங்கின் பெயர், இருக்கை எண், ஒலியும் பார்வையும் எப்படி இருந்தன, யாருடைய நடிப்போ வாசிப்போ மனத்தில் நின்றது என்று நான்கு வரி எழுதுங்கள். ஓராண்டு இப்படி எழுதினால், எந்த அரங்கில் எந்த வரிசை என்பதை எந்த இணையப் பரிந்துரையும் தராத துல்லியத்தோடு நீங்களே அறிவீர்கள். சிறிய கலைஞர்களின் ஒலித்தட்டையோ நூலையோ வாசலில் அவர்களிடமே வாங்குங்கள், அந்தப் பணத்தின் பெரும்பகுதி அவர்களுக்கே போகும். ஒலி சரியில்லை, வாசல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது என்பது போன்ற குறை இருந்தால், வரிசை எண்ணோடு அரங்க நிர்வாகத்திற்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நன்றாக இருந்தாலும் அனுப்புங்கள், குறிப்பாக பாதி அரங்கு காலியாக இருந்த நல்ல நிகழ்ச்சியைப் பற்றி. அடுத்த பருவத்தில் அந்தக் கலைஞரை மீண்டும் அழைக்கலாமா என்று முடிவுசெய்பவர் முன்னால் இருப்பது பெரும்பாலும் விற்பனைக் கணக்கு மட்டுமே.