நண்டு விலை ஏறியது, பில் ஏறவில்லை: ஜாவாஸ்கிரிப்டில் அப்சர்வர் பேட்டர்ன்

பாம்பனில் மச்சான் நடத்தும் மீன் கம்பெனிக்கு பில் போட ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரே ஃபைல், 800 வரி. ஒரு நாள் நண்டு விலையை 450-லிருந்து 480 ஆக்கினார். பட்டியல் மாறியது. 12 கிலோ பில் மட்டும் 5,400-லேயே நின்றது. "மாப்ள, மிச்சம் 360 ரூவாய யாரு தர்றது?" என்றார்.

விலையை மூன்று இடத்தில் தனித்தனி வேரியபிளாக வைத்திருந்ததுதான் வினை.

முதலில் கிட்டில் (கோடின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கருவி) ஒரு கமிட், அதாவது இப்போதைய நிலையை ஒரு முறை சேமித்துவிடுங்கள். அப்புறம் ஃபைலை இரண்டாகப் பிரியுங்கள்: விலையும் கணக்கும் ஒன்றில், திரையில் எழுதுவது இன்னொன்றில். விலை ஃபைலுக்குள், திரையைத் தொடும் 'டாக்குமென்ட்' என்ற சொல்லே வரக்கூடாது. விலை ஒரே இடத்தில் இருக்க வேண்டுமே என்று சிங்கிள்டன் கிளாஸ் (ஒரே ஒரு பிரதிதான் உருவாகும் கிளாஸ்) எதுவும் எழுதாதீர்கள். இப்படிப் பிரித்த ஃபைல்தான் மாட்யூல். அதை எத்தனை இடத்தில் இம்போர்ட் செய்தாலும் ஒரு முறைதான் ஓடும், அதுவே போதும்.

அடுத்து அப்சர்வர்: ஒன்று மாறினால், அதைக் கவனிக்கும் எல்லாவற்றுக்கும் சொல்லிவிடும் முறை. விலை ஃபைலில் ஒரு செட் (ஒரே பொருளை இருமுறை ஏற்காத தொகுப்பு). திரையின் ஒவ்வொரு பகுதியும் தன் ஃபங்ஷனை அதில் சேர்த்துவிடும். விலை மாறியதும் செட்டில் உள்ளவற்றை வரிசையாகக் கூப்பிட வேண்டியதுதான். ஏலம் விடுபவர் விலையைக் கத்துகிறார். சுற்றி நிற்பது யார் யார் என்று அவருக்கு எதற்கு?

நான் சறுக்கியது நீக்கும் இடத்தில். பில் ஜன்னலை மூடும்போது அதன் ஃபங்ஷனைச் செட்டிலிருந்து எடுக்க வேண்டும். சேர்க்கும்போது எழுதிய ஆரோ ஃபங்ஷனையே (=> போட்டுச் சுருக்கமாக எழுதும் ஃபங்ஷன்) எழுத்துப் பிசகாமல் மறுபடி எழுதி டெலீட் கொடுத்தேன். எர்ரரும் இல்லை, நீங்கவும் இல்லை. நாலு முறை திறந்து மூடியபின் 'விலை மாறிவிட்டது' என்ற அறிவிப்பு நாலு தடவை வந்தது. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. பாம்பன் கரையில் ஒரே பெயர் எழுதிய படகு நாலு நிற்கும். பதிவு எண் வேறு வேறு. ஃபங்ஷனும் அப்படித்தான். எழுத்து ஒன்றாக இருந்தாலும் இரண்டாவதாக எழுதியது வேறு ஃபங்ஷன்.

அதனால் சேர்க்கும் ஃபங்ஷனே, நீக்குவதற்கான ஃபங்ஷன் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கட்டும். அதை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு ஜன்னல் மூடும்போது கூப்பிடுங்கள். கிளிக் போன்றவற்றைக் கவனிக்கும் ஃபங்ஷனை நீக்கும் ரிமூவ் ஈவென்ட் லிசனரிலும் இதே கதைதான். ஃபங்ஷனுக்குள் 'திஸ்' எது என்று கட்டிவைக்கும் பைண்ட் போட்டால் ஒவ்வொரு முறையும் புது ஃபங்ஷன் வரும், ஜாக்கிரதை.

இவ்வளவுக்கு ரியாக்ட் (திரையைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) வேண்டாம் என்பது என் கட்சி.

பின்சேர்க்கை: ஃபைலை டபுள் கிளிக் செய்தால் ஒன்றும் ஓடவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஸ்கிரிப்ட் டேகில் டைப் 'மாட்யூல்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தும் ஓடவில்லையா? வட்டிலிருந்து நேரே திறந்த பக்கத்தில் குரோம் மாட்யூலை ஏற்காது. விஎஸ் கோட் எடிட்டரில் லைவ் சர்வர் என்ற எக்ஸ்டென்ஷன் போட்டு அதன் வழியாகத் திறங்கள்.