வீட்டில் ஒருவருக்குப் பார்வை போனால்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

என் மாமா விருதுநகர் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். 54 வயதில் அவருக்குப் பார்வை போனது. கண் அழுத்த நோய், டாக்டர்கள் குளுக்கோமா என்று சொல்வது. வலி இல்லை, கண் சிவக்கவில்லை. ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வந்ததை வயசுக் கோளாறு என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். தராசுக்குப் பக்கத்தில் வைத்த டீ கிளாஸை மூன்றாவது தடவை தட்டிவிட்ட அன்றுதான் அத்தை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். இந்த நோயில் போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து.

அதற்கப்புறம் நாங்கள் செய்தது எல்லாக் குடும்பமும் செய்வதுதான். கார்டு, சான்றிதழ், உதவித்தொகை என்று காகிதத்தின் பின்னால் ஓடினோம். மாமா இரண்டு மாதம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காகிதம் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலைகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எவ்வளவு பார்வை மிச்சம் என்று கேளுங்கள்

"பார்வை போயிருச்சு" என்று டாக்டர் சொன்னதும் நாம் முழு இருட்டைக் கற்பனை செய்துகொள்கிறோம். பலருக்கு வெளிச்சமோ, நிழலோ, நடுவில் ஒரு சின்னத் துண்டோ தெரியும். டாக்டரிடம் இரண்டு எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒன்று, கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணின் பார்வைக் கூர்மை. மற்றது, பார்வைப் பரப்பு எத்தனை டிகிரி என்பது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த எண்களை வைத்துத்தான் பிரிக்கிறது. கூர்மை 3/60க்கும் கீழே போனால், அல்லது பார்வைப் பரப்பு 10 டிகிரிக்கும் குறைந்தால், பார்வையின்மை. அதற்கு மேல் 6/18 வரை குறைபார்வை. 3/60 என்றால், மற்றவர்கள் 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 3 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். 10 டிகிரி புரிய வேண்டுமா? கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டி மறைக்கும் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. உலகத்தை அவ்வளவு ஓட்டை வழியாகப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாமா டீ கிளாஸை ஏன் தட்டினார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

மிச்சப் பார்வை இருந்தால் குறைபார்வைப் பிரிவு உள்ள கண் மருத்துவமனைக்குப் போங்கள். மதுரை அரவிந்தில் மறுவாழ்வுப் பிரிவே இருக்கிறது. பூதக்கண்ணாடி, விளக்கு, நிற வேறுபாடு என்று அங்கே சொல்லித் தருவதில் பாதி செலவில்லாத வேலை. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது. வாழை இலையில் போட்டால் எடுப்பாகத் தெரியும். அத்தை அன்றைக்கே இலைக்கு மாறிவிட்டார்.

இன்னொன்று. குளுக்கோமா குடும்பத்தில் வரும். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். என் அம்மாவைக் கூட்டிப் போக எனக்கு ஆறு மாதம் ஆனது, அது தனிக் கதை.

படி 2: போனைப் பேச வையுங்கள்

நீளமாகச் சொல்லப் போவது இதைத்தான். ஒரு நாள் உட்கார்ந்தால் முடியும், ஒரு பைசா செலவில்லை. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், இரண்டுமே போனோடு வருபவை. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும்.

ஆண்ட்ராய்டில் இப்படிச் செய்யுங்கள்:

1. முதலில் குரல். போன் அமைப்புகளில் எழுத்தைப் பேச்சாக மாற்றும் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை இறக்குங்கள். வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு மாதத்தில் அவரே கூட்டச் சொல்வார்.

2. அணுகல்தன்மை (ஆங்கிலத்தில் ஆக்சஸிபிலிட்டி) என்ற பகுதியில் டாக்பேக் இருக்கும். அதை இயக்கும் முன்பே, இரண்டு வால்யூம் பொத்தான்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் டாக்பேக் வருவதும் போவதுமாகக் குறுக்குவழியை அமைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

3. இயக்கியதும் போனின் பழக்கமே மாறிவிடும். ஒரு தடவை தொட்டால் பெயர் மட்டும் சொல்லும், திறக்காது. திறக்க இரண்டு தடவை தட்ட வேண்டும். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். பூட்டிய திரையைத் திறக்கவும் இரண்டு விரலால் மேலே தள்ள வேண்டும்.

மூன்றாவதில்தான் நிறைய வீடுகளில் நின்றுபோகிறது. பிள்ளைகள் டாக்பேக்கைப் போட்டுவிட்டுப் பழையபடி ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறார்கள். வேலை செய்யவில்லை. பதறி அணைத்துவிட்டு, "அப்பாவுக்கு இது சரிப்படாது" என்கிறார்கள். சரிப்படாதது அப்பாவுக்கு இல்லை.

நானும் முதல் நாள் மாமாவின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, கையை விடு. நீ வாயில சொல்லு, நான் தேடிக்கிறேன்" என்றார்.

விட்டேன். வலதுக்குத் தள்ளினார். கேமரா. இன்னொரு தடவை. கடிகாரம். பதினோராவது தள்ளலில் "ஃபோன்" என்றது. இரண்டு தட்டு. அத்தை அடுப்படியில் இருந்தார். மேஜைமேல் கிடந்த அவருடைய போன் அடித்தது. "யாருங்க?" என்று அவர் எடுக்க, "நான்தான், டீ போடு" என்றார் மாமா.

முதல் வாரம் இவ்வளவு போதும்: போன் எடுப்பது, வைப்பது, ஒருவரை அழைப்பது, மணி கேட்பது. இரண்டாம் வாரம் வாட்ஸாப்பில் குரல் செய்தி. மூன்றாம் வாரம் பேசித் தட்டச்சு செய்வது. பணம் அனுப்பும் செயலி கடைசியில். ரகசிய எண் போடும்போது ஹெட்போன் மாட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓடிபியைத் தெருவே கேட்கும். ரோட்டில் நடக்கும்போது மட்டும் இரண்டு காதையும் அடைக்கக் கூடாது.

கணினி பழகியவர் என்றால், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் விண்டோஸில் ஓடும், தமிழும் வாசிக்கும். சென்னையில் கர்ண வித்யா போன்ற அமைப்புகள் பார்வையற்றோருக்கு இதில் பயிற்சி தருகின்றன.

படி 3: நோட்டும் சில்லறையும்

கடைக்காரருக்குப் பார்வை போனால் முதலில் அடிபடுவது கல்லாப்பெட்டி. புது வரிசை நோட்டுகளில் 100, 200, 500 மூன்றுக்கும் உயரம் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளம் மட்டும் 142, 146, 150 என்று நாலு நாலு மில்லிமீட்டர் கூடும். நாலு மில்லிமீட்டரை விரலால் கண்டுபிடிக்கச் சொல்வது அநியாயம் என்று எனக்குத் தோன்றியது. மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். சரியாக வெட்டிய 200 ரூபாய் அளவு அட்டை ஒன்று கல்லாவில் கிடக்கும். நோட்டை அதன்மேல் வைத்து ஒரு ஓரத்தைச் சேர்த்துவிட்டு மறு ஓரத்தைத் தடவுவார். அட்டை நீட்டிக்கொண்டிருந்தால் 100, நோட்டு நீட்டிக்கொண்டிருந்தால் 500.

நோட்டின் இரண்டு ஓரங்களிலும் மேடாக அச்சிட்ட சாய்வுக் கோடுகளும் உண்டு. 100க்கு நாலு, 200க்கு நாலு கோடும் நடுவில் இரண்டு வட்டமும், 500க்கு அஞ்சு. புது நோட்டில் விரலுக்குத் தட்டுப்படும். மீன் மார்க்கெட் போய் வந்த நோட்டில் தேட வேண்டாம்.

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி என்ற செயலி, போன் கேமராவில் காட்டிய நோட்டின் மதிப்பைச் சொல்லும். இன்டர்நெட் வேண்டாம். கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

வங்கி விஷயம் ஒன்று. ஒரு கிளையில் மாமாவின் ஏடிஎம் கார்டைத் திருப்பித் தரச் சொன்னார்கள், "கூட்டுக் கணக்காக்கிடுங்க, அதான் பாதுகாப்பு" என்று. நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். அப்புறம்தான் தெரிந்தது: செக் புக், ஏடிஎம், நெட் பேங்கிங், லாக்கர், கடன் எதையும் பார்வையில்லை என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4 அன்றே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தத் தேதியை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

படி 4: இப்போது காகிதம்

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி கார்டுதான் எல்லாவற்றுக்கும் சாவி. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் பதிந்து தருவார்கள். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, கண் மருத்துவமனையின் பழைய சீட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மருத்துவர் பார்த்து, குறைபாடு எத்தனை சதவீதம் என்று போடுவார். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். சந்தேகம் எதுவானாலும் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். மடக்குக் குச்சி, பேருந்துச் சலுகை, உதவித்தொகை எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாக அலைவீர்கள்.

ரயிலில் முழுப் பார்வையிழப்பு உள்ளவருக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 சதவீதம் சலுகை. துணைக்குப் போகும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. இதற்கு ரயில்வே தரும் தனி அட்டை வேண்டும். வருமான வரி கட்டுபவர் பழைய வரி முறையில் இருந்தால் 75,000 ரூபாய் கழிவு, குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000.

படி 5: நடப்பது

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். நீங்கள் படி இறங்கினால் உங்கள் உடம்பு இறங்குவது அவர் கைக்குத் தெரியும். "பார்த்து, பார்த்து" என்று கத்த வேண்டாம். "மூணு படி, கீழே" என்று சொன்னால் போதும்.

வெள்ளைக் குச்சி ஊன்றுகோல் இல்லை. நிமிர்த்தினால் நெஞ்செலும்பு வரைக்கும் வர வேண்டும். தோள் அகலத்துக்கு இடமும் வலமுமாக வீச வேண்டும். வலது கால் முன்னே போகும்போது நுனி இடப்பக்கம் தட்டும், அடுத்து வரும் இடது காலுக்கு இடம் பார்த்துவிடும். படித்துக் கற்றுக்கொள்கிற காரியம் இல்லை இது, ஆள் வைத்துப் பழக வேண்டும். பூந்தமல்லியில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம், மதுரை சுந்தரராஜன்பட்டியில் உள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற இடங்களில் விசாரியுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு விதி: கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும் அல்லது முழுதாக மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவுதான் நெற்றியை உடைப்பது.

குழந்தை என்றால்

வரிசை மாறும், பள்ளிதான் முதலில். விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். போன் வாசித்துக் காட்டுகிறதே என்று விட்டால் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டவே வராது. தமிழ் பிரெயிலில் ஒரு சுவாரஸ்யம்: நாம் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி, அங்கே மெய்க்கு முன்னால் வரும். "அம்மா" என்பது ⠁⠈⠍⠍⠜. அ, புள்ளி, ம, ம, ஆ. நீங்களும் சேர்ந்து படியுங்கள், உங்களால் கண்ணாலேயே படிக்க முடியும்.

தேர்வில் பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வேண்டும் என்று கேட்கலாம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். புத்தகங்களுக்கு சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம், சென்னையில் இருந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பிரிவு. "படிச்சு என்ன ஆகப்போகுது" என்று சொந்தக்காரர்கள் கேட்டால், சென்னையில் படித்து 2015இல் வெளியுறவுப் பணிக்குப் போன பெனோ ஜெஃபைனின் பெயரைச் சொல்லுங்கள். முழுதாகப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணியில் சேர்ந்தது அதுவே முதல் தடவை.

மாமா இப்போது காலையில் மூன்று மணி நேரம் கடையில் இருக்கிறார். தராசு பையன் பார்த்துக்கொள்கிறான், கல்லா இவர். போன வாரம் எனக்கு வாட்ஸாப்பில் செய்தி வந்தது, பேசித் தட்டியது: "விழுந்து மூட்டை வந்துருச்சு பணம் நானே அனுப்பிட்டேன் நீ அனுப்ப வேண்டாம்." யார் விழுந்தது என்று பதறிக் கூப்பிட்டேன். உளுந்து மூட்டையாம். அனுப்பும் முன் ஒரு தடவை வாசிக்க விட்டுக் கேளுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. கேட்பதில்லை.