ஏழு எழுத்துக்குள் ஒரு பெயர்: கலிபோர்னியாவில் ஸ்போர்ட்ஸ் காருக்கு விருப்ப நம்பர் பிளேட் தேர்ந்தெடுப்பது எப்படி?

கலிபோர்னியாவில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் பலர், வண்டி வீட்டு வாசலுக்கு வந்த சில நாள்களிலேயே, அதன் பின்புறத் தகட்டில் என்ன எழுதலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த யோசனையைத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த மாநிலத்தில் வரிசை எண் கொண்ட சாதாரணத் தகடு வண்டியைச் சேர்ந்தது. வண்டியை விற்றால் அதுவும் வண்டியோடு போய்விடும். ஆனால் நாமே எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் விருப்பத் தகடு வாங்கியவரைச் சேர்ந்தது. வண்டியை விற்கும்போது அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, உரிய கட்டணத்தைச் செலுத்தி, அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இருக்கை கொண்ட வண்டியை வாழ்நாள் முழுவதும் வைத்திருப்பவர்கள் குறைவு. குழந்தை பிறந்ததும் அது போய் வேன் வந்து நிற்கிறது. ஆகவே மனத்தில் தோன்றும் ஒவ்வொரு சொல்லையும் அந்த வேனின் பின்னாலும் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது.

விருப்பத் தகட்டில் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் ஏழு எழுத்துகளோ எண்களோ இடம்பெறலாம். 1970இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தகடு என்றே பெயர். இதில் சேரும் பணம் மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. வழக்கமான வெள்ளைத் தகட்டுக்கு முதல்முறை 53 டாலரும், பிறகு ஆண்டுதோறும் 43 டாலரும் கட்டணமாக இருந்து வந்திருக்கிறது. இது வண்டிப் பதிவுக் கட்டணத்துக்கு மேல் தனியாகச் செலுத்த வேண்டிய தொகை என்பதையும், தகட்டை வைத்திருக்கும்வரை ஆண்டுதோறும் தொடரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் முதலில் எழுதிப் பார்ப்பது வண்டியின் பெயரையோ அதன் வேகத்தையோதான். வண்டியின் பெயரைப் பொறித்த சின்னம் ஏற்கெனவே தகட்டுக்கு அரையடி மேலே இருக்கிறது. அதையே மறுபடி எழுதுவதில் ஏழு இடங்களும் வீணாகின்றன. வேகத்தைக் குறிக்கும் சொற்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தாழ்வான, சத்தமான, சிவப்பு நிற வண்டி எப்படியும் நெடுஞ்சாலைக் காவலரின் கண்ணில் படும். ஓரத்தில் நிறுத்தச் சொல்லப்பட்டுக் கண்ணாடியை இறக்கும் நேரத்தில், பின்னால் இருக்கும் தகடு உங்களுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பிறந்த ஆண்டு, குழந்தையின் முழுப் பெயர் போன்றவற்றையும் தவிர்ப்பது நல்லது. கண்ணைக் கவரும் வண்டியின் தகட்டைப் பலர் படம் எடுப்பார்கள். அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை.

தமிழ் பேசுபவர்களுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் எளிதாகத் தோன்றும் குறுஞ்சொற்கள் பெரும்பாலும் முன்பே எடுக்கப்பட்டிருக்கும். தமிழ்ச் சொற்களுக்கு அவ்வளவு போட்டி இராது. காட்டுக்குதிரையின் பெயர் கொண்ட ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவருக்குப் ‘புரவி’ என்ற சொல் ஆங்கில எழுத்துகள் ஆறில் அடங்கிவிடுகிறது. ‘குதிரை’ என்பதைத் த ஓசைக்கு ‘டி, எச்’ என்று இரண்டெழுத்து போட்டு எழுதினால் எட்டாகிவிடும்; ‘டி’ வகை எழுத்து ஒன்றோடு நிறுத்தினால் ஏழில் அடங்கும், ஆனால் படிப்பவர் வாயில் ‘குடிரை’ ஆகும். நச்சுப்பாம்பின் பெயர் கொண்ட டாட்ஜ் வைப்பர் வைத்திருப்பவருக்கு ‘விரியன்’ சரியாக ஏழெழுத்தில் அமைந்திருக்கிறது. கொர்வெட் ஸ்டிங்ரே வண்டியின் பெயருக்குரிய மீன் நம் கடற்கரையில் திருக்கை. அழகான சொல், ஆனால் ஒன்பது எழுத்து. உயிரெழுத்துகளை உருவி ஏழாக்கினால் தமிழரே அதைப் படிக்கத் திணறுவார். அப்படிப்பட்ட சொல்லை மனம் இல்லாமலேனும் விட்டுவிட வேண்டும். ழகரம் வரும் சொற்களுக்கு இரண்டு எழுத்து செலவாகும் என்பதையும், குறில் நெடில் வேறுபாடு ஆங்கில எழுத்தில் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘படம்’ என்று எழுதினால் அது ‘பாதம்’ என்றும் படிக்கப்படும்.

எனக்கு மிகவும் பிடித்தது மாஸ்டா மியாட்டாவுக்குச் ‘சிட்டு’. சின்ன வண்டி, எடை குறைவு, வளைவில் சிட்டாய்ப் பறக்கும். நாளை வேறு வண்டிக்கு மாற்றினாலும் அந்தச் சொல் உறுத்தாது. ‘விரியன்’ குழந்தை இருக்கை பூட்டிய வேனில் அவ்வாறு பொருந்தாது. ஆனால் சிட்டிலும் ஒரு பள்ளம் உண்டு. சகர ஓசைக்கு ‘சி, எச்’ என்று இரண்டெழுத்து போட்டு எழுதினால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முதல் எழுத்து சற்று மாறித் தெரிந்தாலே ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்று கண்ணில் படும். ‘எஸ்’ எழுத்தில் தொடங்கி ஐந்தெழுத்தில் எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. தமிழில் களங்கமில்லாத சொல் ஆங்கிலத்திலும், கலிபோர்னியாவில் பலரும் பேசும் ஸ்பானிஷிலும் எப்படி ஒலிக்கிறது என்று, அந்த மொழிகளில் வளர்ந்த ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நம் காதுக்கு எட்டாதது அவர்கள் காதுக்கு உடனே எட்டும்.

அடுத்து, படிக்கும் வசதி. ‘ஓ’ என்ற எழுத்துக்கும் 0 என்ற எண்ணுக்கும், ‘ஐ’ எழுத்துக்கும் 1 என்ற எண்ணுக்கும், ‘எஸ்’ எழுத்துக்கும் 5க்கும், ‘பி’ எழுத்துக்கும் 8க்கும் தகட்டில் வேறுபாடு மிகச் சிறிது. எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டால், விரும்பிய சொல் ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தாலும் நமக்குக் கிடைத்துவிடும் என்று பலர் முயல்கிறார்கள். அதன் விலையை நீங்கள்தான் கொடுப்பீர்கள்: வாகன நிறுத்துமிட இயந்திரத்தில் ஒவ்வொரு முறையும் தயங்குவீர்கள்; மற்றவரின் சுங்கக் கட்டணம் உங்கள் வீட்டுக்கு வரவும் வழி பிறக்கும். சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தகட்டின் அளவான 12 அங்குல நீளம், 6 அங்குல அகலத்தில் வெட்டி, வண்டியின் பின்னால் ஒட்டிவிட்டு, இருபதடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு தொலைபேசியில் நண்பர் ஒருவரிடம் எழுத்துக் கூட்டாமல் சொல்லிப் பாருங்கள். அவர் சரியாக எழுதிக்கொண்டால் அந்தச் சொல் தேறிவிட்டது. இரு சொற்களைச் சேர்த்திருந்தால் இடைவெளி இல்லாமலும் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஏனெனில் பார்ப்பவர்கள் பலர் அப்படித்தான் படிப்பார்கள்.

மாநில மோட்டார் வாகனத் துறையின் இணையதளத்தில், நீங்கள் விரும்பும் எழுத்துகள் காலியாக உள்ளனவா என்று தட்டச்சு செய்து பார்க்கலாம். காலியாக இருப்பதாகக் காட்டினாலும் ஒப்புதல் கிடைத்ததாக ஆகாது. விண்ணப்பத்தைத் துறை ஊழியர்கள் பரிசீலித்த பிறகே முடிவு வரும். சாதாரண வரிசை எண்ணின் அமைப்பை ஒத்திருப்பவை மறுக்கப்படும். காவல்துறை போன்ற அரசு அமைப்பைச் சேர்ந்தவர் என்று எண்ண வைப்பவையும் அப்படியே. பாலியல் பொருள் கருதி 69 என்ற எண்ணை 1969ஆம் ஆண்டு மாடல் வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கிய விதி ஒன்று அங்கே உண்டு. அந்த ஆண்டின் கமாரோவோ போர்ஷே 911ஓ வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும் செய்தி. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் ஒவ்வாதவை என்று கூறித் துறை மறுப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என 2020இல் வட கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஆபாசமும் வசையும் வெறுப்புப் பேச்சும் அந்தத் தீர்ப்பின் பாதுகாப்புக்குள் வரவில்லை.

விண்ணப்பத்தில் முன்னுரிமை வரிசையில் மூன்று தேர்வுகளையும், ஒவ்வொன்றின் பொருளையும் எழுதக் கேட்பார்கள். பொருள் எழுதும் இடத்தை மேலோட்டமாக விட்டுவிடாதீர்கள். ‘தமிழில் குதிரையைக் குறிக்கும் சொல்’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் தெளிவாக எழுதினால், அறியாத மொழிச் சொல்லைப் பார்க்கும் ஊழியருக்குத் தயக்கம் குறையும். மூன்றாவது தேர்வையும் முதல் தேர்வைப் போலவே மதித்து எழுதுங்கள். 1979இல் லாஸ் ஏஞ்சலஸ்காரர் ஒருவர், படகோட்டுதல் பற்றிய இரண்டு சொற்களை எழுதிவிட்டு, அவை கிடைக்காவிட்டால் விருப்பத் தகடே வேண்டாம் என்ற பொருளில் மூன்றாவது இடத்தில் ‘நோ பிளேட்’ என்று எழுதினார். அவருக்கு ‘நோ பிளேட்’ என்றே பொறித்த தகடு வந்து சேர்ந்தது. அதன்பின், தகடு இல்லாத வண்டிகளுக்குக் காவலர்கள் எழுதிய அபராதச் சீட்டுகள் எல்லாம் அவர் முகவரிக்கு வந்தன. எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. 2019இல் இன்னொரு கலிபோர்னியர், கணினியில் வெற்றிடத்தைக் குறிக்கும் ‘நல்’ என்ற சொல்லைத் தகடாக்கிக்கொண்டு, 12,000 டாலர் அளவுக்கு வேறு யாருடையவோ அபராதங்களைச் சுமந்த கதையைக் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விவரித்தார். ‘இல்லை’, ‘தெரியாது’, ‘காணவில்லை’ என்ற பொருள் தரும் எந்தச் சொல்லையும் தொடாதீர்கள்.

தகட்டின் நிறமும் தேர்வின் ஒரு பகுதி. 1963இல் வந்த கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்துத் தகட்டின் வடிவத்தை, போதிய முன்பதிவுகள் சேர்ந்தபின், எந்த ஆண்டு வண்டிக்கும் மாநிலம் மறுபடி வழங்கத் தொடங்கியது. கறுப்பு, வெள்ளி, அடர்பச்சை நிற வண்டிகளில் அது வண்டியோடு இழைந்து நிற்கும். எழுத்து மட்டும் எடுப்பாகத் தெரியும். விருப்ப எழுத்துகளோடு வாங்கினால் வெள்ளைத் தகட்டைப் போல ஏறத்தாழ இருமடங்கு செலவாகும். படம் அச்சிட்ட மற்றச் சிறப்புத் தகடுகள் சிலவற்றில் படம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எழுத்து எண்ணிக்கை குறையும்.

கலிபோர்னியாவில் முன்புறத்திலும் தகடு கட்டாயம். பின்புறத் தகடு மட்டும் போதும் என்று சொல்லும் மாநிலங்களில் பார்த்த வண்டியின் முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். ஆனால் அழகுக்காகத் தகட்டை வீட்டில் வைத்துவிட்டு ஓட்டினால் அபராதம் வரும்; மேலே நிறக் கண்ணாடி மூடி போடுவதும் சட்டத்துக்குப் புறம்பானது. முன் பம்பரில் துளை போட மனமில்லாதவர்கள், இழுவைக் கொக்கி திருகும் துளையில் பொருத்தும் தாங்கியை வாங்கிக்கொள்ளலாம். அது தகட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி வைக்கும், கழற்றினால் தழும்பு இராது. பொருத்தும் முன் காற்று உள்ளே போகும் வாய்களையும் முன்புற உணர்விகளையும் அது மறைக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பித்த பின் தகடு வரச் சில மாதங்கள் ஆகலாம். கலிபோர்னியாவின் தகடுகள் ஃபால்சம் சிறையில் கைதிகளின் கைகளால் செய்யப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. அதுவரை பழைய தகட்டையோ புது வண்டிக்குத் தரும் தற்காலிகக் காகிதத் தகட்டையோ கழற்றக் கூடாது. புதியது வந்ததும், நீங்கள் குறிப்பிட்ட அலுவலகத்தில் பழையதை ஒப்படைத்துவிட்டுப் பெற்றுக்கொள்வீர்கள். அன்று மாலையே சுங்கச்சாவடிக் கணக்கிலும், காப்பீட்டு நிறுவனத்திலும், அலுவலக வாகன நிறுத்துமிடப் பதிவிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்; பாலத்தைக் கடக்கும்போது கேமரா தேடுவது புதிய எழுத்துகளை, கணக்கில் இருப்பதோ பழைய எண் என்றால் அபராத அறிவிப்பு வந்து சேரும். பிறகு துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் நான்கு மூலைகளையும் இறுக்குங்கள். இறுக்கமான இருக்கையும் விறைப்பான சஸ்பென்ஷனும் கொண்ட வண்டியில் இரண்டே திருகில் தொங்கும் தகடு அதிர்ந்து சாயத்தைச் சுரண்டிவிடும்.