ஒரு சாலையிலிருந்து அரசியலை ஆராயக் கற்பது

அரசியலை ஆராயத் தொடங்குபவர் ஒரு தலைவரையோ கட்சியையோ முதலில் கையிலெடுக்காமல், தம் ஊரைத் தொட்ட ஒரு முடிவை எடுத்துக்கொள்வது நல்லது. சேலத்து வாசகருக்கு, 2018-இல் அறிவிக்கப்பட்ட 277 கிலோமீட்டர் நீளச் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் அதற்கு மிகவும் ஏற்றது.

முதலில், சட்டப்படி அதிகாரம் யாரிடம் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். வயலில் நில எடுப்புக்கான எல்லைக் கல் நட வந்தவர்கள் மாநில வருவாய்த் துறையினர். நில எடுப்பு நடந்ததோ மத்திய அரசின் 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்கீழ். இதைப் பிரித்துக் காட்டுவதே நிறுவன அணுகுமுறை.

அடுத்து, அந்த அதிகாரம் இயங்கிய விதம். ஒருவர் தாமாகச் செய்யாததை அவரைச் செய்யவைப்பதே அதிகாரம் என்று அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1957-இல் வரையறுத்தார். ஒரு கேள்வி பேச்சுக்கே வராமல் தடுப்பதும் அதிகாரமே என்று பக்ராக், பாரட்ஸ் இருவரும் 1962-இல் சேர்த்தார்கள். மக்களின் விருப்பங்களையே வடிவமைப்பதை ஸ்டீவன் லூக்ஸ் 1974-இல் மூன்றாவதாக வைத்தார். இவற்றுள் இரண்டாவதுதான் தொடக்க நிலையில் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. இழப்பீடு எவ்வளவு என்று பேச அழைக்கப்பட்ட விவசாயிக்கு, இருக்கும் சாலைகளை அகலப்படுத்தினால் போதாதா என்று கேட்க இடமிருந்ததா எனத் தேடிப் பாருங்கள்.

காரணம் சொல்லும்போதுதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. பத்து நாளில் வாக்குப்பதிவு. சேலம் மக்களவைத் தொகுதியில் தி.மு.க. வென்றது. சாலையே காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால், அந்தச் சாலை எட்டியே பார்க்காத மாவட்டங்கள் உட்பட தமிழகத்தின் 39 தொகுதிகளில் 38-ஐ தி.மு.க. கூட்டணி வென்றது. 2021 சட்டமன்றத் தேர்தலிலோ சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் பத்தை அ.தி.மு.க. கூட்டணி பெற்றது. சாலை யாரையும் பாதிக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. தொகுதிக் கணக்கைக்கொண்டு மட்டும் வாக்காளர் மனத்தை அறிய முடியாது என்பதே பொருள்.

ஆகவே, வாக்குச்சாவடிவாரியான முடிவுகளைத் தரும் படிவம் 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் சேர்வராயன் மலை ஊர்களும் வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளி ஊர்களும் கலந்திருப்பதால், மலை ஊரைச் சமவெளி ஊரோடு ஒப்பிட்டால் தெரியவருவது பழங்குடியினருக்கும் மற்றவர்களுக்கும் நெடுநாளாக உள்ள வேறுபாடாகவே இருக்கக்கூடும். கல் நடப்பட்ட சமவெளி ஊரை நடப்படாத பக்கத்துச் சமவெளி ஊரோடு, 2019, 2021 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் ஒப்பிடுங்கள்.